உடம்புக்கு அவகாசம் கொடு, மகளே

திண்டுக்கல்
ஆவணி, வெள்ளிக்கிழமை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் நான் மல்லிகை வாங்கிக்கொண்டிருந்தபோது காதோரம் வந்து ஒன்று கேட்டாய். "அம்மா, ஹார்மோன் மாத்திரை ஆரம்பிச்சா எத்தனை மாசத்துல முழுசா மாறுவேன்?" கூட்டத்தில் நின்று பதில் சொல்லுகிற கேள்வியா அது? அதனால்தான் "எழுதித் தாரேன்" என்றேன். வேடசந்தூர் மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து, தூங்கி எழுந்து, நிதானமாக உட்கார்ந்து படி.

உன்னைப் போல் திருநங்கையான நானும் உன் வயதில் இதே கேள்வியோடு அலைந்தேன். பதில் சொல்ல ஆள் இல்லை. மூத்தவர்கள் சொன்ன அரைகுறைச் சேதியும், மருந்துக் கடையில் நீட்டிய அட்டையும்தான் எனக்கு வாய்த்தன. அதற்கு என் உடம்பு கொடுத்த விலையைக் கீழே சொல்கிறேன். பிறகு எச்.ஐ.வி. தடுப்புக் களப்பணிக்குப் போன வருஷங்களில், பார்க்கிற டாக்டரிடமெல்லாம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உன் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: மாதக் கணக்கில் தொடங்கும், வருஷக் கணக்கில் முடியும். சில மாற்றம் முதல் 3 மாதத்துக்குள்ளேயே உள்ளுக்குள் தொடங்கும். சில மாற்றம் 5 வருஷம் வரை நடந்துகொண்டே இருக்கும். சில விஷயம் எத்தனை மாத்திரை தின்றாலும் மாறாது. இந்த மூன்றையும் பிரித்துத் தெரிந்துகொண்டு ஆரம்பிக்கிறவள் பின்னால் மனம் உடைய மாட்டாள்.

என்னைப் பெற்றவர் இந்த ஊர்ப் பூட்டுப் பட்டறையில் மாங்காய்ப் பூட்டுக்கு அரம் போட்டவர் என்று உனக்குத் தெரியும். ஹார்மோன் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு டாக்டரம்மா எனக்குச் சொன்னபோது அப்பாவின் பட்டறைதான் ஞாபகம் வந்தது. உடம்பின் செல்லுக்குள் ஈஸ்ட்ரோஜனுக்கென்றே ஒரு பூட்டு இருக்கிறதாம். சாவி பொருந்தித் திரும்பினால், அந்தச் செல் பெண்ணுடம்புக்கான வேலையை ஆரம்பிக்கும். பூட்டுகள் எண்ணிக்கையில் அளவுதான். சாவியை அள்ளிப் போட்டாலும் வேலை வேகமாக நடக்காது. மிஞ்சியது ரத்தத்தில் சுற்றி வேறு கேட்டை இழுத்து வரும். "ரெண்டு மாத்திரை போட்டா ரெண்டு மடங்கு சீக்கிரம்" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்.

டாக்டர் பொதுவாக இரண்டு வகை மருந்து தருவார். ஒன்று ஈஸ்ட்ராடியால், மாத்திரையாகவோ, தோலில் தடவுகிற ஜெல்லாகவோ, ஊசியாகவோ வரும். இன்னொன்று, உடம்பில் ஊறுகிற ஆண் ஹார்மோனை அடக்குவதற்கு. ஸ்பைரோனோலாக்டோன், சைப்ரோட்டிரோன் என்று பெயர் சொல்வார்கள். எது, எவ்வளவு என்பது உன் ரத்தத்தையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. உன் தோழிக்கு எழுதிய சீட்டு உனக்கு ஆகாது.

இனி ஒவ்வொரு கட்டமாகச் சொல்கிறேன். உலகத் திருநர் உடல்நல நிபுணர்களின் கழகம் 2022-இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டுதலில் உள்ள கால அளவும், நான் கண்ணால் பார்த்த பிள்ளைகளுக்கு நடந்ததும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

முதல் 3 மாதத்தில் கண்ணாடியில் பெரிதாக ஒன்றும் தெரியாது. மாற்றம் உள்ளேதான் நடக்கும். ஆசை குறையும். விடியற்காலையில் தானாக எழுகிற விறைப்பு குறைந்து, பல பேருக்கு நின்றே போகும். இதைச் சொல்ல வாய் கூசும்; ஆனால் அம்மா சொல்லாமல் வேறு யார் உனக்குச் சொல்வது? நம்மில் நிறையப் பேருக்கு அது பெரிய நிம்மதி. சிலருக்கு உறவில் சங்கடம். உன்னவன் ஒருவன் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வை. அழுகை சீக்கிரம் வரும் என்கிறவர்கள் உண்டு. மனசு முதல்முறையாக அமைதியானது என்கிறவர்களும் உண்டு.

3 மாதத்திலிருந்து 6 மாதத்துக்குள் மார்பில் தொடங்கும். மார்க்காம்புக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஒன்று தட்டுப்படும். தொட்டால் வலிக்கும். மில்லில் பஞ்சு மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கும்போது உயிர் போகும். பயப்படாதே, வயதுக்கு வருகிற எந்தப் பெண்ணுக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கும். வளர்ச்சி முழுமைக்கு வர 2 வருஷம் ஆகலாம், 5 வருஷமும் ஆகலாம். எவ்வளவு வளரும் என்பது அவரவர் உடல்வாகு. இங்கே உன்னிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆம்ஸ்டர்டாம், கென்ட், ஃப்ளாரன்ஸ் நகரங்களின் மருத்துவமனைகளில் 229 திருநங்கையரை அளந்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு வருஷ முடிவில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கடையில் விற்கும் மிகச் சிறிய பிரா அளவுக்குக்கூட வளரவில்லை. சினிமாக்காரியை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் ஏமாற்றம் நிச்சயம். அந்த ஏமாற்றத்தில்தான் நம் பிள்ளைகள் சிலர் மார்பிலும் இடுப்பிலும் சிலிக்கான், எண்ணெய் என்று கண்டதை ஊசியில் ஏற்றிக்கொண்டு சீழ் பிடித்துப் படுக்கிறார்கள். அந்தப் பக்கம் போகவே போகாதே. போதவில்லை என்று பிறகு தோன்றினால் அதற்கு முறையான ஆபரேஷன் இருக்கிறது. அதையும் வளர்ச்சி நின்ற பிறகுதான் யோசிக்க வேண்டும்.

இதே காலத்தில் தோல் எண்ணெய்ப் பசை குறைந்து மென்மையாகும், கொஞ்சம் வறளும். வியர்வை வாசம் மாறும். விரை சுருங்க ஆரம்பிக்கும். கைத்தசை, தோள் தசை வற்றும், பலமும் குறையும். நீ நூல் மில்லில் வேலை பார்க்கிறவள். போன வருஷம் ஒரே மூச்சில் தூக்கிய சுமை அடுத்த வருஷம் தூக்க வராது. சோம்பேறித்தனம் என்று மேஸ்திரி சொன்னால் மனசு விடாதே. முடிந்தால் இப்போதிருந்தே சுமை குறைந்த பிரிவுக்குக் கேட்டு வை.

கொழுப்பு இடம் மாறுவதும் இப்போதுதான் தொடங்கும். இடுப்பிலும் தொடையிலும் பின்புறத்திலும் சேரும், கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் ஆகும். இது முடிய 2 முதல் 5 வருஷம். மாத்திரை கொழுப்பைக் கொண்டுவராது தாயி. நீ சாப்பிடுகிற சோற்றில் வருகிற கொழுப்பு எங்கே உட்கார வேண்டும் என்று வழி காட்டும், அவ்வளவுதான். மெலிந்தால்தான் பெண் மாதிரி தெரிவேன் என்று ஒரு வேளை சோறும் டீயுமாக நீ காலம் தள்ளுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பட்டினி கிடக்கிற உடம்பில் இடுப்பு வராது. முட்டை, பயறு, கீரை, மீன் என்று வயிறாரச் சாப்பிடு.

6 மாதத்துக்கு மேல், ஒரு வருஷத்துக்குள், கை கால் நெஞ்சு முடி மெலிந்து மெதுவாக வளர ஆரம்பிக்கும். அது முழுதாகத் தெரிய 3 வருஷத்துக்கு மேல் ஆகும். தலைமுடி கொட்டுவது நிற்கும். ஏற்கெனவே வழுக்கை விழுந்த இடத்தில் பழையபடி அடர்த்தியாக முளைக்கும் என்று எதிர்பார்க்காதே.

மாறாதவையும் சொல்லிவிடுகிறேன். குரல் மாறாது. ஒரு தடவை உடைந்த குரலை ஈஸ்ட்ரோஜன் திருப்பி மெல்லியதாக்காது. அதற்குப் பயிற்சிதான் வழி. பேச்சுப் பயிற்சியாளர் சொல்லிக் கொடுப்பார், தினமும் அரை மணி நேரம் ஒழுங்காகச் செய்தால் பலன் உண்டு. தாடி மீசை மெலியும், போகாது. லேசர் செய்வதென்றால் தோல் டாக்டரிடம் போ. நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஏற்றது என்.டி. யாக் வகை லேசர் என்பார்கள், அதுதானா என்று கேட்டுக்கொள். தெரியாதவர்கள் வேறு மெஷினில் வைத்தால் முகம் வெந்து கறுத்துவிடும். உயரம், தோள் எலும்பு, தொண்டைக் குருத்தெலும்பு இவை எதுவும் மாறாது. என் தோள் எப்படி இருக்கிறது பார்! இந்தத் தோளோடுதான் 35 வருஷமாகச் சேலை கட்டுகிறேன். சின்னாளப்பட்டிச் சுங்குடி என் தோளில் ஒரு நாளும் சரியாக உட்காராமல் போனதில்லை.

ஆரம்பிக்கும் முன்னால் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் ஆட்கள் அதைப் பேசுவதே இல்லை. பிள்ளை. ஹார்மோன் எடுத்தால் விந்து உற்பத்தி குறைந்து நின்றுபோகலாம். மருந்தை நிறுத்தினாலும் திரும்பி வரும் என்று உறுதி கிடையாது. என்றாவது ஒருநாள் உன் ரத்தத்தில் ஒரு குழந்தை வேண்டுமென்று தோன்றலாம். அப்படி ஒரு எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், முதல் மாத்திரைக்கு முன்னால் விந்தைச் சேமித்து வைப்பது பற்றி டாக்டரிடம் கேள். செலவு ஆகும், உண்மைதான். ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொண்டு வேண்டாம் என்பது வேறு, தெரியாமலே இழப்பது வேறு. இன்னொரு பக்கம், மாத்திரை எடுக்கிறோம், இனி கரு உண்டாக்க முடியாது என்றும் நம்பிவிடாதே. ஆணுறை எப்போதும் வேண்டும், நோயிலிருந்து காத்துக்கொள்வதற்கும் சேர்த்து.

மருந்தை நடுவில் நிறுத்தினால் வளர்ந்த மார்பு தானாகப் போகாது. கொழுப்பும் தசையும் தோலும் பழைய வழிக்குத் திரும்பும். ஆகவே மனசு முழுதாகத் தெளிந்த பிறகு ஆரம்பி. அதுவரை காத்திருப்பதில் ஒரு குறையும் இல்லை.

இப்போது என் கதை.

எனக்கு 20 வயது. அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று கொண்டுவந்த மாலா-டி மாத்திரையை நாளைக்கு நான்கு வீதம் தின்றேன். ஒருத்தி சொன்னாள், நான் செய்தேன். 2 வருஷம். அந்த மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று 15 வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதில் இருப்பது எதினைல் ஈஸ்ட்ராடியால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன். ரத்தத்தை உறைய வைக்கும் ஆபத்து அதிகம் என்பதால் திருநங்கையருக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று இன்றைக்கு எல்லா வழிகாட்டுதலும் சொல்கிறது. கூடவே இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல். அதற்கு ஆண் ஹார்மோனின் குணம் கொஞ்சம் உண்டு. பெண்ணாக வேண்டுமென்று நான் தின்ற மாத்திரைக்குள் அதற்கு எதிரான சரக்கும் இருந்திருக்கிறது.

22 வயதில் ஒருநாள் காலையில் இடது கெண்டைக்கால் தூண் மாதிரி வீங்கி நின்றது. சூடாக இருந்தது, ஊன்ற முடியவில்லை. ஆஸ்பத்திரியில் "என்ன மருந்து சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார்கள். வெட்கம். இரண்டு நாள் மறைத்தேன். மூன்றாம் நாள் ஒரு நர்ஸக்கா பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கேட்ட பிறகு அழுதுகொண்டே சொன்னேன். காலில் ரத்தம் கட்டியிருந்தது. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

ஆகவே மனப்பாடம் செய்து வைத்துக்கொள்: ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு திணறினால், நெஞ்சு வலித்தால், திடீரென்று தாங்க முடியாத தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால், ஒரு நிமிஷமும் யோசிக்காமல் 108-க்குப் போன் பண்ணு. நீ ஹார்மோன் எடுப்பதை முதல் வார்த்தையாக டாக்டரிடம் சொல். பீடி சிகரெட் இருந்தால் விட்டுவிடு. புகையும் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்தால் இந்த ஆபத்து கூடும்.

ஸ்பைரோனோலாக்டோன் எழுதிக் கொடுத்தால் அடிக்கடி ஒன்றுக்கு வரும், எழுந்து நிற்கும்போது கிறுகிறுக்கும். நம் ஊர் வெயிலில், மில்லின் புழுக்கத்தில், தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதே. அந்த மருந்து உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றும். சிறுமலைப் பழமும் இளநீரும் உனக்கு உயிர் என்று தெரியும். ஆனால் அவற்றிலும் பொட்டாசியம் உண்டு. ரத்தம் பார்த்து டாக்டர் சொல்லும்வரை அளவாக வைத்துக்கொள். எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிற தோழிகள் யாராவது ஹார்மோன் பற்றி உன்னிடம் கேட்டால், அந்த மருந்தை நிறுத்தச் சொல்லிவிடாதே. இரண்டையும் சேர்த்து எடுக்க முடியும், ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும்.

இரண்டாவது பாடத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது எலும்பு. கால் வீங்கிய பயத்தில் ஹார்மோன் பக்கமே போகவில்லை. 24 வயதில் வெளியூரில் நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை அகற்றுகிற ஆபரேஷன், செய்துகொண்டேன். 40 நாள் முடிந்து பால் ஊற்றிச் சடங்கு நடந்தபோது, எல்லாம் முடிந்தது, நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். விரை எடுத்த பிறகு உடம்பில் ஆண் ஹார்மோனும் இல்லை, பெண் ஹார்மோனும் இல்லை என்றால் எலும்பு கரையும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ராத்திரியில் உடம்பு கொதித்து வியர்க்கும். ஏதோ காய்ச்சல் என்று விட்டேன். 44 வயதில் பூ மார்க்கெட்டில் ஈரத் தரையில் வழுக்கினேன். சின்ன வழுக்கல்தான், மணிக்கட்டு இரண்டாகிவிட்டது. எலும்பு அடர்த்தியை ஸ்கேன் செய்து பார்த்த டாக்டர், எழுபது வயதுக்காரியின் எலும்பு மாதிரி இருக்கிறது என்றார்.

நீ ஆபரேஷன் செய்துகொண்டால், அதற்குப் பிறகும் டாக்டர் சொல்கிற காலம்வரை ஈஸ்ட்ரோஜனை விடக் கூடாது. ஆண் ஹார்மோனை அடக்குகிற மருந்துதான் அப்போது தேவைப்படாது. வயது ஏறும்போது, பொதுவாக 45-க்கு மேல், மாத்திரையைவிடத் தோல் வழியாகப் போகிற ஜெல்லும் ஒட்டுப்பட்டையும் ரத்தம் உறையும் விஷயத்தில் பாதுகாப்பானவை என்கிறார்கள். அந்த நேரம் வரும்போது கேட்டுக்கொள். நம் திருநங்கையர் ஜமாத்தில் உன்னோடு ஒரே குருவிடம் இருக்கும் குருபாய்கள் பலர் நிர்வாணத்தோடு எல்லாவற்றையும் விட்டவர்கள். அவர்களிடமும் இதைச் சொல்.

என் காலம் வேறு, உன் காலம் வேறு. 2008 ஏப்ரல் 15-இல் தமிழ்நாட்டில் நமக்கென்று நல வாரியம் வந்தது. 2014-இல் அதே ஏப்ரல் 15 அன்று, நம் பாலினத்தை நாமே சொல்லிக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2019-இல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஹார்மோன் சிகிச்சையும் அதற்கு முன்னும் பின்னும் ஆலோசனையும் தர ஏற்பாடு செய்ய வேண்டியது அரசின் கடமை என்று எழுதி வைத்தது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நமக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார்கள். மனநல டாக்டர், ஹார்மோன் டாக்டர், ஆபரேஷன் டாக்டர் என்று பல துறையும் சேர்ந்து பார்ப்பதற்காக வந்தது. நம் ஊரிலும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். ரத்தம் பார்க்க, அவசரத்துக்கு ஓட, இங்கேயே இடம் இருக்கிறது. இதெல்லாம் சும்மா வரவில்லை. மூத்தவர்கள் மனு எழுதி, படி ஏறி, அவமானப்பட்டு வாங்கியது. கடையில் சீட்டு இல்லாமல் அட்டை வாங்கித் தின்றால் அந்தப் பாடெல்லாம் வீண்.

முதல் வருஷம் 3 மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடு. பிறகு வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை. பொதுவாக ஈஸ்ட்ராடியால் மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பைக்கோகிராம் வரை, டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே என்று பார்ப்பார்கள். ரிப்போர்ட்டை வாங்கி நீயே படி. புரியாவிட்டால் கேள். என்னை மாதிரி ஒரு நோட்டுப் போட்டு, தேதியும் அளவும் எழுதி வை. மாதம் ஒரு போட்டோ எடுத்து வை. மாற்றம் மெதுவாக வருவதால் தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது, ஒரு வருஷப் போட்டோவை வரிசையாக வைத்தால் தெரியும். உன் தோழிக்கு 6 மாதத்தில் வந்தது உனக்கு ஒன்றரை வருஷத்தில் வரலாம். அவளோடு உன்னை நிறுத்திப் பார்த்து அழாதே.

இன்னும் ஒன்று. "முழுசா மாறுவேன்" என்றாயே, அந்த வார்த்தை என்னை ராத்திரி தூங்கவிடவில்லை. உன்னை மகளாக நான் மடியில் ஏந்திய அன்று உன் மார்பையும் இடுப்பையும் அளந்தா ஏந்தினேன்? நீ அன்றைக்கே பெண். மருந்து உன் உடம்பை உன் மனசுக்குப் பக்கத்தில் கொண்டுவரும். அது பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மருந்து வேலை செய்கிற 3 வருஷமும், 5 வருஷமும் நீ வாழ வேண்டிய வருஷங்கள்தான். மாறி முடித்த பிறகு வாழலாம் என்று தள்ளி வைக்காதே. பாதியில் விட்ட பிளஸ் டூவை எழுது. பெற்றவளுக்குப் போன் பண்ணு, எடுக்காவிட்டாலும் பண்ணு.

திங்கள்கிழமை காலை ஏழு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் நிற்கிற இடத்தில் இருப்பேன். ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை, இதுவரை ஏதாவது மாத்திரை தின்றிருந்தால் அதன் காலி அட்டை, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா. என்னிடம் மறைத்தது எதுவாக இருந்தாலும் திட்ட மாட்டேன். டாக்டரிடம் மட்டும் மறைக்காதே. சாப்பிட்டுவிட்டு வா.

உன் அம்மா